சித்தியையும் அழைத்துப் போக ஒரு சோல் ஃபுட் கடை

நாகர்கோவிலிலிருந்து ஆறு வாரம் தங்க வந்திருந்த சித்தப்பா இரண்டாவது வாரமே கொடி பிடித்துவிட்டார். "தோசையும் பிரியாணியும் நான் அங்கயே தின்னுக்கிடுவேன் மக்கா. இந்த ஊரு ஆளுவ திங்கிறத ஒருநாளாவது காட்டு." நியாயமான பேச்சுதான். நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவில். இந்தப் பக்கம் எந்த முக்கில் திரும்பினாலும் ஒரு இந்தியக் கடை இருக்கும். ஊர்க்காரர்கள் சாப்பாடு வேண்டுமென்றால் 25 மைல் தெற்கே நகரத்துக்குள் போக வேண்டும். அட்லாண்டாவுக்குச் சொந்தச் சாப்பாடு என்று ஒன்று இருந்தால் அது சோல் ஃபுட். தென்மாநிலக் கறுப்பின மக்களின் வீட்டுச் சமையல்.

சிக்கல் எங்கள் கூட்டத்தில்தான். சித்தப்பா வீட்டு வாசல் தாண்டினால் கோழி, மீன் எல்லாம் சாப்பிடுவார். மாடும் பன்றியும் மட்டும் ஆகாது. சித்தி சுத்த சைவம், முட்டை கலந்த கேக்கைக்கூடத் தொடமாட்டார். மனைவிக்கு வரிசையில் நிற்பது பிடிக்காது. எட்டு வயதுப் பையனுக்கு மேக் அண்ட் சீஸ் (சீஸில் குழைத்த மக்கரோனி) கிடைத்தால் போதும். எட்டு வருடமாக நான் போய்வரும் கடைகளில் நான்கை வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். உங்கள் வீட்டுக்கும் இதே மாதிரி விருந்தாளிகள் வருவார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்று. பலரும் "எங்கே ஃப்ரைடு சிக்கன் நன்றாக இருக்கும்?" என்று கேட்டுத்தான் கடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது தப்பான கேள்வி. அட்லாண்டாவில் பெயரெடுத்த எந்தச் சோல் ஃபுட் கடையிலும் கோழி நன்றாகவே இருக்கும். இல்லாவிட்டால் கடையை மூடியிருப்பார்கள். வித்தியாசம் பக்க உணவுகளில்தான் தெரியும். இந்தக் கடைகளின் சாப்பாட்டுக்கு 'மீட் அண்ட் த்ரீ' என்று பெயர்: ஒரு கறி, மூன்று தொடுகறி, ஓரத்தில் கார்ன்பிரெட் என்ற மக்காச்சோள ரொட்டி. கறியை ஒரே நொடியில் சொல்லிவிடலாம். மூன்று என்னென்ன என்பதில்தான் ஒரு மேசையே விவாதத்தில் இறங்கும். சர்க்கரைப் பாகில் வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தட்டைப்பயறு, வெண்டைக்காய், பெரிய லைமா பீன்ஸ், முட்டைக்கோஸ், மேக் அண்ட் சீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காலர்ட் கீரை.

தட்டைப்பயறும் வெண்டைக்காயும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை, அடிமைக் கப்பல்கள் ஓடிய அதே கடல்வழியில். தோட்ட முதலாளிகள் அளந்து கொடுத்தது மக்காச்சோள மாவும் உப்புக்கண்டம் போட்ட பன்றியும் கொஞ்சம் வெல்லப்பாகும். மீதியை அந்த மக்கள் குடிசைக்குப் பக்கத்தில் தாங்களே பயிரிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். கையளவு கறியை வைத்துக்கொண்டு ஒரு சட்டிக் கீரைக்கு ருசி ஏற்றும் வித்தை அங்கேதான் பிறந்தது. 'சோல் ஃபுட்' என்ற பெயர் பரவியது 1960-களில். சமையல் அதைவிடப் பல தலைமுறை மூத்தது.

அந்த வித்தைதான் சித்திக்கு எமன். காலர்ட் கீரையை நம் முருங்கைக்கீரை மாதிரி இரண்டு நிமிடம் வதக்கி இறக்குவதில்லை. புகைபோட்ட பன்றிக்காலையோ வான்கோழிக் கழுத்தையோ முதலில் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தச் சாற்றில் கீரையை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பார்கள். பீன்ஸும் முட்டைக்கோஸும் தட்டைப்பயறும் பெரும்பாலும் இதே வழிதான். கார்ன்பிரெட்டில் பெரும்பாலும் முட்டை இருக்கும். சில இடங்களில் வாணலிக்குப் பன்றிக் கொழுப்பு தடவுவார்கள். 'பை' (pie) என்ற இனிப்புப் பண்டத்தின் மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். இங்கே வந்த புதிதில், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்கு (பெயர் வேண்டாம்) சைவக்கார நண்பரை அழைத்துப் போனேன். பலகையில் 'வெஜிடபிள் பிளேட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நான்கு காய்கறி, ஒரு கார்ன்பிரெட். நண்பர் பாதிக் கீரையைச் சாப்பிட்ட பிறகு கரண்டியில் நார் நாராக ஏதோ வந்தது. பரிமாறிய அம்மாவைக் கேட்டோம். "கீரையில் கறி இருக்கிறதா?" "இல்லை பேபி, வான்கோழி மட்டும்தான்." அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் கறி என்றால் பன்றி. பன்றியை நிறுத்திவிட்டு வான்கோழிக்கு மாறியதே உடம்புக்கு நல்லது என்று செய்த மாற்றம். அன்றிலிருந்து நான் "கறி இருக்கிறதா" என்று கேட்பதில்லை. "பன்றி, வான்கோழி, கோழிச் சாறு இதில் எதாவது சேர்த்தீர்களா?" என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறேன்.

சரி, கடைகளுக்கு வருவோம்.

முதலாவது பிஸி பீ கஃபே. 1947-ல் லூசி ஜாக்சன் என்ற பெண்மணி ஹன்டர் தெருவில் தொடங்கியது. அந்தத் தெருவுக்கு இப்போது மார்ட்டின் லூதர் கிங் ஜூனியர் டிரைவ் என்று பெயர். கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த மோர்ஹவுஸ், ஸ்பெல்மன் கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. இடம் சின்னது. புகழ் பெரியது: 2022-ல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளை ஊரறிந்த பழைய உணவகங்களுக்குத் தரும் 'அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்' விருது, அடுத்த வருடம் உணவகங்களை மதிப்பிடும் மிஷலின் வழிகாட்டி அட்லாண்டாவுக்கு வந்தபோது, கட்டுப்படியான விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளுக்கான பிப் கூர்மான் பட்டியலிலும் இடம். இத்தனைக்கும் அங்கே போனால் விருது வாங்கிய கடை என்ற மிதப்பு எதுவும் தெரியாது.

கோழியை மணிக்கணக்காக உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, மசாலா மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் மிளகும் எண்ணெயும் கலந்த ஒரு ஆவி மூக்கில் ஏறும். மேல்தோல் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கும், ஆனால் எலும்பு ஓரம் வரை உப்பு இறங்கியிருக்கும். நம்மூர் சிக்கன் 65 சாப்பிட்டுப் பழகியவர்கள் முதல் கடியில் "காரமே இல்லையே" என்பார்கள். இரண்டாவது துண்டில் பேச்சு நின்றுவிடும். மேசை மேல் இருக்கும் ஹாட் சாஸ் அலங்காரத்துக்கு வைத்ததில்லை, தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். மாட்டு வால், பன்றிக்கால் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த நான்கில் இதுதான் கடை. சுவை ஒன்றையே பார்த்தால் என் ஓட்டும் இதற்கே.

ஆனால் பெரிய குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக இது தோதில்லை. கொரோனா காலத்தில் பார்சல் மட்டும் என்று மாறிய கடை இது. உட்கார்ந்து சாப்பிடலாமா என்பதைக் கிளம்பும் முன் ஒரு தடவை ஃபோனில் கேட்டுவிடுங்கள். உட்கார முடிந்தாலும் ஞாயிறு மதியம் வரிசை இருக்கும். அதற்குப் பயந்தால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

இரண்டாவது பாஸ்கல்ஸ். இதுவும் 1947, இதுவும் தொடங்கியது அதே ஹன்டர் தெருவில். ராபர்ட், ஜேம்ஸ் என்று இரண்டு சகோதரர்கள். ஆரம்பத்தில் கடையில் சமையலறையே இல்லை. ராபர்ட்டின் வீட்டில் சமைத்து, சொந்தக் கார் இல்லாததால் டாக்ஸியில் ஏற்றிக் கடைக்கு அனுப்பினார்களாம். 1960-களில் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர்களான மார்ட்டின் லூதர் கிங்கும் ஆண்ட்ரூ யங்கும் ஜான் லூயிஸும் கூடி உட்கார்ந்து போராட்டங்களுக்குத் திட்டம் போட்ட இடம் இது. மறியலில் கைதாகி விடுதலையான மாணவர்கள் நேரே இங்கே வருவார்கள். பெற்றோர் இங்கே வந்து காத்திருப்பார்கள். அந்த மாணவர்களிடம் சாப்பாட்டுக்குக் காசு வாங்கியதில்லை.

இதன் அருமை புரிய இன்னொரு கடையையும் சொல்ல வேண்டும். அதே அட்லாண்டாவில், ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில், பிக்ரிக் என்று ஒரு கஃபேட்டீரியா இருந்தது. அங்கேயும் ஃப்ரைடு சிக்கன்தான் பிரபலம். முதலாளி லெஸ்டர் மேடக்ஸ். பொது இடங்களில் நிறப் பாகுபாடு கூடாது என்று 1964-ல் சட்டம் வந்ததும் சாப்பிட வந்த கறுப்பின இளைஞர்களைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டினார்; அவருடைய ஆட்கள் கோடரிக் காம்போடு நின்றார்கள். அவர்களுக்குப் பரிமாறுவதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று கடைசியில் மூடியே விட்டார். 1967-ல் அதே ஆள் ஜார்ஜியாவின் கவர்னர்! ஒரே ஊர், ஒரே கோழி. யார் எந்த மேசையில் உட்காரலாம் என்பதில்தான் அத்தனை சண்டையும்.

இப்போதைய பாஸ்கல்ஸ் பழைய கட்டடத்தில் இல்லை. 2002-லிருந்து காஸல்பெரி ஹில் பகுதியில், நார்த்சைட் டிரைவில் இருக்கிறது. விசாலமான கூடம், ஒழுங்கான மேசைகள், சுவரில் பழைய படங்கள். முன்பதிவு செய்துகொண்டு போகலாம், பெரியவர்கள் கால் வலிக்க நிற்க வேண்டாம். பழைய கடையின் நெரிசலும் புகையும் வேண்டும் என்று தேடிப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இது கோட்டு போட்டுக்கொண்டு கல்யாண நாளுக்குப் போகிற மாதிரி இடம். ஒரே எச்சரிக்கை: மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆட்டம் உள்ள நாளில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். வண்டி நிறுத்தக் கேட்கும் காசில் இன்னொரு தட்டு கோழி சாப்பிடலாம்.

சித்தப்பா பக்கம் பார்த்தால் பாஸ்கல்ஸுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல். 1959-ல் கிங் இந்தியா வந்தபோது கன்னியாகுமரிவரை போனார். அங்கே சூரியன் மறைவதையும் நிலவு எழுவதையும் பார்த்ததைப் பிறகு தன் பிரசங்கத்திலும் சொன்னார். இதைச் சொன்னதும் சித்தப்பா, "நம்ம ஊருக்கு வந்த மனுசன் சாப்பிட்ட கடையா? அப்ப அங்கதாம்லே போணும்" என்று முடிவே பண்ணிவிட்டார்.

மூன்றாவது மேரி மேக்ஸ் டீ ரூம், பான்ஸ் டி லியான் அவென்யூவில். மேரி மெக்கென்சி 1945-ல் தொடங்கியது. டீக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். போர்க்காலத்தில் பெண்கள் தனியாக ஓட்டல் நடத்துவது சமூகத்தில் எடுபடாது என்பதால் 'டீ ரூம்' என்று நாகரிகமாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அப்படி ஊரில் ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. மிஞ்சியது இது ஒன்றுதான். கறாராகச் சொன்னால் இது சோல் ஃபுட் கடை இல்லை, வெள்ளைக்காரக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக் கடை. தட்டில் வருவது என்னவோ முக்கால்வாசி அதே பண்டங்கள். அந்த வீடுகளில் அடுப்படியில் நின்றவர்கள் யார் என்று யோசித்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இங்கே எனக்குப் பிடித்தது பென்சில். உட்கார்ந்ததும் மேசையில் ஒரு சீட்டும் பென்சிலும் இருக்கும். வேண்டியதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் பையன் போனமுறை அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு ஐந்து பேருக்கும் மேக் அண்ட் சீஸ் எழுதிவைத்தான். முதல் தடவை வருகிறோம் என்று சொன்னால் ஒரு கிண்ணம் பாட்லிக்கரும் கார்ன்பிரெட்டும் இலவசமாகத் தருவது அங்கே வழக்கம். பாட்லிக்கர் என்றால் கீரை வெந்த தண்ணீர். பச்சையும் பழுப்புமாக, மேலே எண்ணெய்ப் பொட்டுகளோடு, பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. கார்ன்பிரெட்டை உதிர்த்துப் போட்டு ஊறவிட்டுக் கரண்டியால் எடுத்தால் ரசத்தில் வடையை ஊறப்போட்ட சுகம். முன்பெல்லாம் முதலாளி வீட்டுக்கு வடித்த கீரை போகும், இந்தத் தண்ணீர் அடுப்படிக்காரர்களுக்கு மிஞ்சும். சத்தில் நிறைய இதில்தான் இறங்கியிருந்தது.

குழந்தைகள், வயதானவர்கள், எட்டுப் பத்துப் பேர் கொண்ட கூட்டம் என்றால் நான்கில் மேரி மேக்ஸ்தான் சுலபம். பல கூடங்கள் இருப்பதால் இடம் கிடைத்துவிடும். தொடுகறிப் பட்டியல் நீளம். அதிலிருந்து சைவத் தட்டு ஒன்றைத் தேற்றிவிடலாம், நான் சொன்ன கேள்விகளைக் கேட்ட பிறகு. பொரித்த வெண்டைக்காய்க்கும் மாவு எதில் கரைத்தது என்று கேட்க வேண்டும், மோராகவும் இருக்கலாம், முட்டையாகவும் இருக்கலாம். இத்தனை கேள்வி கேட்டுத்தான் சாப்பிட வேண்டுமா என்று சித்தி சங்கடப்பட்டால், நான்காவதுதான் வழி.

அது சோல் வெஜிடேரியன், வெஸ்ட் எண்ட் பகுதியில். ஆப்பிரிக்க ஹீப்ரு இஸ்ரேலியர் என்ற கறுப்பினச் சமூகத்தார் நடத்துவது. அவர்களுக்குக் கறி, மீன், முட்டை, பால் எதுவும் ஆகாது, அதனால் கடையிலும் கிடையாது. கோதுமைப் புரதத்தில் செய்யும் 'கேல்போன்' என்ற பண்டம்தான் அங்கே கறிக்குப் பதில். மேக் அண்ட் சீஸில்கூட சீஸ் இல்லை. அதைப் பையன் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைத் துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தான். எனக்கும் அது பெரிதாகப் பிடிக்காது. கீரையும் சர்க்கரைவள்ளியும் அருமை. கேள்வியே கேட்காமல் பட்டியலில் எதை வேண்டுமானாலும் கைகாட்டலாம் என்ற நிம்மதி, இந்த ஊரில் சைவக்காரர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை. வெங்காயம், பூண்டு ஆகாதவர்கள் மட்டும் அங்கேயும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்து சாப்பிடும் இடமென்றால் பட்டியல் விலைக்கு மேல் 8.9 சதவீத வரி, அதற்கு மேல் 18 முதல் 20 வரை டிப்ஸ். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் பில்லைப் பார்க்காமல் நீங்கள் வாங்கிக்கொள்வது அவர்களுக்கு நல்லது. ஸ்வீட் டீ (சர்க்கரை போட்ட ஐஸ் டீ) ஒன்றை இரண்டு பேருக்குச் சொல்லுங்கள். நம் கல்யாணப் பாயசம்கூட அவ்வளவு இனிக்காது.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், ஒரு கடையோடு முடிக்கவில்லை. ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு முதலில் வெஸ்ட் எண்டில் சித்திக்கு ஒரு பெட்டி வாங்கினோம். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம்தான் பிஸி பீ. அங்கே எங்களுக்குக் கோழி, கீரை, சர்க்கரைவள்ளி, பையனுக்கு நிஜமான மேக் அண்ட் சீஸ். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வைன் சிட்டி என்ற பகுதியில் ராட்னி குக் பூங்காவுக்குப் போனோம். 2021-ல் திறந்தது, மழைவெள்ளம் தேங்கிய பள்ளத்தைக் குளமாக்கிய இடம். ஜான் லூயிஸுக்கு அங்கே சிலை இருக்கிறது. பெஞ்சில் பெட்டிகளைப் பரப்பிச் சாப்பிட்டோம். மனைவிக்கும் வரிசைத் தொல்லை இல்லை, நான் ஒருவன்தானே நின்றேன்.

சித்தி தன் பெட்டிக் கீரையைக் கொஞ்சம் எடுத்து மென்று பார்த்தார். "இவ்வளவு நேரம் வேகவச்சா கீரைல என்ன இருக்கும்?" என்றார். பிறகு பெட்டியைச் சாய்த்து, அடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கரண்டியால் வழித்துக் குடித்தார். "தண்ணி நல்லாருக்கு. ஒரு வத்தல் கிள்ளிப் போட்ருக்கலாம்."

பாஸ்கல்ஸை அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டோம், முன்பதிவோடு, ஸ்டேடியத்தில் ஆட்டம் இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு. சித்திக்காகக் கீரையைப் பற்றிக் கேட்கலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் சித்தப்பா பரிமாற வந்தவரைப் பார்த்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "போர்க்? டர்க்கி? சிக்கன் வாட்டர்?" என்று விரல்விட்டு எண்ணிக் கேட்க ஆரம்பித்திருந்தார்.